குடாநாட்டுப் பெண்களின் எலும்பு வலுவும் போசாக்கும்

ஆண்டு முழுவதும் வெயில் எரிக்கும் நாடுகளில், வெயிலால் உடலுக்குக் கிடைக்க வேண்டிய சத்துக்கே பஞ்சம் நிலவுகிறது என்றால் எவரும் முதலில் நம்பத் தயங்குவர். ஆனால் அரபு நாடுகளில் மேற்கொள்ளப்பட்ட மருத்துவ ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கூறிவருவது இதனையே. லெபனானில் 30 முதல் 50 வயது வரையான, நோய் எதுவும் இல்லாத ஆண், பெண் இருபாலாரிடமும் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் பெரும்பான்மையோரின் இரத்தத்தில் விற்றமின் டி போதாமல் இருந்ததைக் காட்டியது. பெண்களின் நிலை ஆண்களினதை விட மோசமாக இருந்தது. சவூதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய நாடுகளின் ஆய்வாளர்களும் இதே போன்ற முடிவுகளையே வெளியிட்டுள்ளனர்.

அதே 2000ஆம் ஆண்டில் டென்மார்க்கில் இருந்து வந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவானது. அங்கு வாழும், உடல் முழுவதையும் மறைத்து ஆடை அணியும் அரபுப் பெண்களின் இரத்தத்தில் விற்றமின் டி சராசரியாக லீற்றருக்கு 7 நனோமோல் அளவிலேயே இருந்தது. ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட டெனிஷ் பெண்களிடம் அது 47. ஆய்வாளர்கள் இத்துடன் நிற்கவில்லை. இஸ்லாத்தைத் தழுவி, அதே விதமாக ஆடை அணிந்துவந்த டெனிஷ் இனப் பெண்களையும் அவர்கள் சோதித்தனர். அப்பெண்கள் உணவாலும் குளிசையாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 சர்வதேச அலகு விற்றமின் டி உட்கொண்டு வந்தவர்கள். அவர்களிடமும் அது 17 நனோமோலைச் சிறிதே தாண்டியிருந்தது. இனம் மாறியும் தோலின் நிறம் மாறியும் குறைபாடு நீங்கவில்லை. வெயில் படாத உடலுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் அளவு போதாது என்பதே அந்த ஆய்வின் முடிவு.

இந்த விடயத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசகர் முன் நாம் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஆய்வுகளின் தலைப்பில் அரபுப் பெண்கள் என்று எழுதப்பட்டிருப்பதால், இது எங்கோ உள்ள எவரோ ஒருவரின் சிக்கல் எனக் கடந்துபோவது எளிது. முஸ்லிம் பெண்களின் ஆடையைக் குறை கூறுவதற்கு இதை ஒரு சாட்டாக எடுத்துக்கொள்வதும் எளிது. இரண்டும் தவறு என்பதே எமது கருத்து. எலும்பின் வலு வெயிலால் மட்டும் அமைவதில்லை. வெயில், உணவு, வளரும் வயது, உழைப்பு, மகப்பேறு என்ற எல்லாம் சேர்ந்தே அதனை ஆக்குகின்றன. இவற்றுள் வளரும் வயது என்ற ஒன்றில் குடாநாட்டின் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒரே விதமான இழப்பைச் சந்தித்த ஒரு தலைமுறை இன்று ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் எலும்பைப் பற்றிச் சிறிது. எலும்பு கல்லைப் போல ஒருமுறை உருவாகி அப்படியே இருக்கும் பொருளன்று. உடல் நாள்தோறும் அதில் ஒரு பகுதியைக் கரைத்து, மீண்டும் கட்டிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைப் பருவத்திலும் பூப்பெய்தும் பருவத்திலும் கட்டுவது கரைப்பதை விட மிக அதிகம். ஒரு பெண் தன் வாழ்நாளில் அடையக்கூடிய எலும்புத் திண்மையில் மிகப் பெரும் பங்கு பதினெட்டு வயதளவிலேயே சேர்ந்துவிடுகிறது. எஞ்சிய சிறு பங்கு முப்பது வயதுக்குள் சேரும். அதன்பின் இருப்பைக் காப்பது தான் வேலை. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு வீழ்ந்துவிட, அடுத்து வரும் ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் கரைவது மிக வேகமாக நடக்கிறது. இளமையில் நிறையச் சேமித்தவள் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்வாள். குறைவாகச் சேமித்தவளின் எலும்பு, ஒரு சிறு தடுக்கி விழுதலிலேயே முறியும் நிலைக்கு வந்துவிடும். ஒஸ்ரியோபொரோசிஸ் எனப்படும் எலும்பு நலிவு நோய் இதுவே.

மூட்டுத் தேய்வையும் இதனையும் ஒன்றென எண்ணுவோர் பலர். முழங்கால் நோவதற்கும் எலும்பு நலிவதற்கும் நேரடித் தொடர்பில்லை. எலும்பு நலிவு நோவு எதுவும் தராது. மணிக்கட்டு முறியும் வரை, முதுகு கூனும் வரை, உயரம் குறைந்து சட்டையின் நீளம் கூடிவிட்டது போலத் தோன்றும் வரை அது தன்னை வெளிக்காட்டுவதில்லை. ஐம்பது வயதைக் கடந்த பெண்களில் மூவருள் ஒருவருக்கு இந்நோயால் எலும்பு முறிவு ஏற்படும் என்பது சர்வதேச மன்றங்களின் கணிப்பு. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர் என மேல்நாட்டுக் கணக்குகள் கூறுகின்றன. பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடமாடுவதில்லை.

வேறொரு நோயும் உண்டு. விற்றமின் டி மிகக் கடுமையாகக் குறையும்போது எலும்பில் சுண்ணாம்புச் சத்துப் படிவதே தடைப்பட்டு, எலும்பு மென்மையாகிவிடும். சிறுவர்க்கு வந்தால் கால்கள் வளையும். வளர்ந்தவர்களுக்கு வந்தால் தொடையிலும் இடுப்பிலும் விலாவிலும் ஓயாத நோவு, நிலத்திலிருந்து எழும்ப முடியாமை, படியேற முடியாமை, அசைந்து அசைந்து நடக்கும் நடை ஆகியன தோன்றும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்களிடம் இந்நோய் வாதம் என்றும், களைப்பு என்றும், சில வேளைகளில் மனநோய் என்றும் கூடப் பெயர் பெற்றுவிடுகிறது. உரிய அளவில் விற்றமின் டியும் கல்சியமும் கொடுத்தால் சில மாதங்களில் முற்றாக மாறக்கூடிய நோய் இது. அதனாலேயே இதை அடையாளம் காணாமல் விடுவது பெரும் கொடுமை என்கிறோம்.

இனி அந்தத் தலைமுறையைப் பற்றி. 1990ஆம் ஆண்டில் பத்து வயதாயிருந்த சிறுமி 2030இல் ஐம்பதை எட்டுவாள். பதினைந்து வயதாயிருந்தவள் 2025இலேயே எட்டிவிட்டாள். எலும்பு சேர வேண்டிய அந்த ஆண்டுகளில் இச்சிறுமிகளுக்கு என்ன உணவு கிடைத்தது என்பதைக் குடாநாட்டில் வாழ்ந்த எவருக்கும் நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருள் முதல் மருந்து வரை எல்லாம் தட்டுப்பாடாயின. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்கும் அப்பாலும் இடம்பெயர்ந்தனர். வலிகாமம் வடக்கின் பெரும் பகுதி 1990இல் உயர் பாதுகாப்பு வலயமாகிப் போனதால், வடபகுதியின் முக்கிய மீன்பிடித் துறைமுகமான மயிலிட்டி 2017 ஜூலை வரை அதன் மக்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கடற்றொழில் கட்டுப்பாடுகளால் ஏனைய கரையோரங்களிலும் மீன் அருகியது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டபோது குடாநாட்டின் அடுப்புகள் கப்பலை எதிர்பார்த்திருந்தன.

யாழ்ப்பாண முஸ்லிம்களின் கதை இதனினும் துயரமானது. 1990 ஒக்டோபர் 30ஆம் நாள், இரண்டு மணி நேர அவகாசத்தில், கையில் எடுத்துச் செல்ல எதுவுமின்றி அவர்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் தொகை ஏறத்தாழ எழுபத்தையாயிரம். சோனகதெருவிலும் மூர் வீதியிலும் வீடும் கடையும் வைத்திருந்த குடும்பங்களின் சிறுமிகள், புத்தளத்தின் கிடுகுக் கொட்டில்களில் நிவாரண அரிசியிலும் கோதுமை மாவிலும் வளர்ந்தனர். ஐந்தாண்டு இடைவெளியில் அதே ஒக்டோபர் 30ஆம் நாள் இரு சமூகங்களினதும் சிறுமிகளை வீதிக்கு அனுப்பியது. அவர்களில் ஒரு பகுதியினர் 2009இன் பின் மீண்டும் யாழ். நகரில் குடியேறியுள்ளனர். அச்சிறுமிகள் இன்று தாய்மாராகவும் பேர்த்தியைக் கண்டவர்களாகவும் இருக்கின்றனர். வளரும் வயதில் எலும்பு பெறாததை நாற்பதாம் வயதில் முழுமையாக ஈடுசெய்ய முடியாது என்பது உடலியல் விதி. எனவே இத்தலைமுறையின் எலும்பு நலத்தில், ஏனைய மாவட்டங்களின் பெண்களை விடக் கூடிய அக்கறை காட்டுவது நியாயமானது.

வெயிலுக்கு வருவோம். குடாநாடு ஒன்பதரைப் பாகை வட அகலக்கோட்டுக்குச் சற்று மேலே உள்ளது. தோலில் விற்றமின் டி உருவாகத் தேவையான புறஊதாக் கதிர் இங்கு மார்கழியிலும் குறைவதில்லை. வெயிலின் பங்கு எவ்வளவு பெரிது என்பதை எம்மவரிடமே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு காட்டியது. நோர்வேயின் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான அவ்வாய்வில், கண்டியில் வாழ்வோரின் விற்றமின் டி சராசரி ஏறத்தாழ 54 நனோமோலாகவும் ஒஸ்லோவில் வாழ்வோரினது ஏறத்தாழ 31 ஆகவும் இருந்தன. இதைப் படித்துவிட்டு ஊரில் இருப்போர் ஆறுதல் கொள்ளலாகாது. எலும்பு நலத்துக்கு ஆகக் குறைந்தது 50 இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. சராசரியே 54 என்றால், நல்ல வெயிலில் வாழ்ந்தும் பலர் அந்த எல்லைக்குக் கீழே நிற்கின்றனர் என்பது பெறப்படும்.

ஏன் அவ்வாறு? எமது கருந்தோல் கதிரைத் தடுப்பதால், வெள்ளைத் தோலினருக்குச் சில நிமிடங்களில் உருவாவது எமக்கு அதனிலும் பல மடங்கு நேரம் எடுக்கும். வங்கியிலும் பாடசாலையிலும் காரியாலயத்திலும் வேலை செய்யும் பெண் காலை எட்டு மணிக்கு உள்ளே சென்றால் மாலை வரை வெளியே வருவதில்லை. வீட்டில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவளுக்கும் அதுவே. வெளியே செல்வோர் குடை பிடிக்கின்றனர், நிறம் கறுத்துவிடும் என்ற அச்சத்தில் முகத்துக்கும் கைக்கும் களிம்பு பூசுகின்றனர். காலை இளவெயிலே நல்லது என்ற நம்பிக்கையும் ஊரில் வேரூன்றியிருக்கிறது. இளவெயில் உடலுக்கு இதமே தவிர, அதில் தேவையான கதிர் மிகக் குறைவு. எமது நிழல் எமது உயரத்தை விடக் குட்டையாக விழும் நேரத்தில் படும் வெயிலே விற்றமின் டி தரும். யன்னல் கண்ணாடிக்கூடாக வரும் வெயிலால் பயனில்லை.

இவ்விடத்தில் எமது முன்னோரின் வீட்டமைப்பை நினைக்காமல் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றமும், பனையோலை வேலிக்கு உட்பட்ட வளவும், சோனகதெரு வீடுகளின் உயர்ந்த மதிலுக்குப் பின்னிருந்த முற்றமும் பெண்களுக்கு அந்நியர் கண் படாத வெயிலைத் தந்தன. நெல் காயவைப்பது, மிளகாய் உலர்த்துவது, ஒடியல் பரப்புவது, தலை உலர்த்துவது எல்லாம் அங்கேயே நடந்தன. முழங்கை வரை கையும் முழங்கால் வரை காலும் திறந்திருக்க, வாரத்தில் சில நாட்கள் நண்பகலை அண்டி அரை மணி நேரம் அம்முற்றத்தில் நின்ற பெண்ணுக்கு, வீதியில் என்ன ஆடை அணிந்தாள் என்பது ஒரு பொருட்டாகாது. இன்று இரண்டு பரப்புக் காணியில் சுவரோடு சுவராகக் கட்டப்படும் வீடுகளில் முற்றம் இல்லை. மீள்குடியேற்ற வீடுகளில் அதற்கு இடமே விடப்படுவதில்லை. வீட்டுத் திட்டங்களை வரைவோர் பெண்களுக்கான ஒரு மறைவான திறந்தவெளியை, குறைந்தபட்சம் மேல்தளத்தில் சுற்றுச்சுவரோடு ஒரு மூலையை ஒதுக்கினால் அது மருத்துவச் செலவைக் குறைக்கும் என்பது எமது எண்ணம். முற்றம் இல்லாதவளுக்குக் குளிசையே வழி. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வெயில் மட்டும் போதாது என்பதற்குத் திருப்பதியில் நடந்த ஆய்வுகள் சான்று. ஆந்திர மாநிலத்தின் அப்பகுதியில், நாள் முழுவதும் வயலில் வேலை செய்யும் கிராமத்தவரிடமும் விற்றமின் டி எதிர்பார்த்த அளவில் இருக்கவில்லை. காரணம் அவர்களின் உணவில் இருந்தது. கல்சியம் குறைந்த, தானியத்தில் உள்ள பைற்றேற் என்னும் பொருள் மிகுந்த உணவு கல்சியத்தைக் குடலில் கட்டிப்போட்டுவிடுகிறது. குறையை ஈடுசெய்ய உடல் விற்றமின் டியை வேகமாகச் செலவழிக்கிறது. ஆகவே கல்சியம் குறைந்தால் வெயிலில் பெற்ற விற்றமின் டியும் வீணாகிறது.

வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். மாதவிடாய் நின்றபின் 1200. குடாநாட்டின் இன்றைய சாப்பாட்டுக் கோப்பையில் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கவலையே மிஞ்சும். 100 கிராம் அரிசியில் பத்து மில்லிகிராம் அளவில் இருந்தாலே அதிகம். வெள்ளைக் கோதுமை மாவிலும் சொற்பமே. புட்டும் இடியப்பமும் பாணும் சோறும் வயிற்றை நிரப்பும், எலும்பை நிரப்பா. எமது பேச்சுவழக்கில் பால் என்றாலே தேங்காய்ப்பால். பாற்சொதியிலும் பாற்கறியிலும் நாம் விடும் பால் அதுவே. பெயரில் பாலாயினும் அதில் கல்சியம் மிக அற்பம். பசுப்பாலில் 100 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் உண்டு. ஆனால் தேநீரில் விடும் இரண்டு கரண்டிப் பால்மா ஒரு நாளின் தேவையை எட்டாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற குடும்பங்கள் பல வெறுந்தேநீருக்குப் பழகிவிட்டன. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. வீட்டில் உணவு சுருங்கும்போது முதலில் சுருங்குவது தாயின் கோப்பையே என்பதை இரு சமூகத்தாரும் அறிவர்.

ஆனால் இம்மண்ணில் இல்லாததைத் தேடி ஓட வேண்டியதில்லை. குரக்கனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தானியங்களுள் இதற்கு இணை இல்லை. ஒரு காலத்தில் வீடுதோறும் இருந்த குரக்கன் புட்டும் குரக்கன் கஞ்சியும் கோதுமை மாவின் வருகையோடு ஏழைகளின் உணவெனத் தாழ்த்தப்பட்டு, பிறகு நீரிழிவுக்காரரின் உணவாக மட்டும் மீண்டன. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கே அது முதலில் கொடுக்கப்பட வேண்டும். குரக்கனை ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து இடித்தால் பைற்றேற் குறைந்து கல்சியம் கூடுதலாக உடலில் சேரும். முருங்கையிலை வேலியோரத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்குக் குறையாமல் உண்டு. அகத்தியில் அதனிலும் அதிகம். தோல் நீக்காத எள்ளில் ஏறத்தாழ 950. ஆனால் நல்லெண்ணெயில் அது வராது, பிண்ணாக்கோடு போய்விடும். பூப்பெய்திய பெண்ணுக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து இடுப்புக்கு வலுச் சேர்க்க வேண்டும் என்று எமது மூதாட்டிமார் கருதியது சரியான வயதைக் குறித்த சரியான எண்ணமே. அதோடு ஓர் எள்ளுருண்டையையும் சேர்த்திருந்தால் இன்னும் நன்று.

சிறுமீன்களே இக்குடாநாட்டின் பெரும் செல்வம் என்போம். நெத்தலி, சூடை, கீரி, காரல் போன்றவற்றைப் பெரிய மீன் வாங்க இயலாதவர் உணவாகவே நாம் பார்க்கப் பழகிவிட்டோம். பாரையும் விளைமீனும் சதையைத் தரும். முள்ளோடு மென்று தின்னும் சிறுமீன் சதையோடு கல்சியத்தையும் சிறிதளவு விற்றமின் டியையும் சேர்த்துத் தரும். பிள்ளை பெற்றவளுக்குக் காயச் சரக்கில் சிறுமீன் இட்டுக் கொடுக்கும் வழக்கம் இரு சமூகத்து வீடுகளிலும் உண்டு. அது நாற்பத்தொரு நாளோடு நின்றுவிடாமல் தொடர்ந்தால் போதும். பொரிப்பதை விட, புளி விட்டுச் சட்டியில் நெடுநேரம் வற்றவைக்கும்போது முள் மென்மையாகி உண்ண எளிதாகும்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி ஒரு சொல். எலும்பை அவித்த நீர் எலும்புக்கு வலு என்பது எல்லோரும் நம்பும் ஒன்று. விழுந்து கையை முறித்தவரைப் பார்க்கச் செல்வோர் அதையே கொண்டுசெல்வர். சுவையும் சூடும் உண்டு, ஓரளவு புரதமும் உண்டு. ஆனால் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் எலும்பிலுள்ள கல்சியம் நீரில் இறங்குவது மிகக் குறைவு. ஒரு கோப்பைத் தயிர் அதைவிடப் பல மடங்கு தரும். வெற்றிலைச் சுண்ணாம்பால் கல்சியம் சேரும் என்று பாட்டிமார் கூறுவதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயைத் தருவன ஆகையால் அந்த வழியை எவருக்கும் கூற மாட்டோம்.

குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு அதில் கரைந்திருந்த கல்சியமே. அந்த நீரால் சிறுநீரகக் கல் வரும் என்ற அச்சம் எம்மிடையே பெரிது. அதனால் பாலையும் கருவாட்டையும் கூட விலக்குவோர் உளர். அமெரிக்கத் தாதியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 1997இல் வெளியான பெரும் ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் கண்டது. உணவில் கல்சியம் அதிகம் உண்ட பெண்களுக்கே கல் குறைவாக உண்டாயிற்று. உணவிலுள்ள கல்சியம் குடலிலேயே ஒக்சலேற்றைப் பிடித்துக்கொள்வதால் அது சிறுநீரகத்தை எட்டுவதில்லை என்பது விளக்கம். குளிசையாகக் கல்சியம் எடுத்தோரிடம் அப்பயன் காணப்படவில்லை, ஆபத்துச் சற்றுக் கூடவே செய்தது. எனவே குளிசை எடுப்போர் அதைச் சாப்பாட்டோடு எடுப்பதும் போதிய நீர் அருந்துவதும் நன்று. கிணற்று நீரின் நைத்திரேற்று வேறு பிரச்சினை. உரம் மிகுந்த தோட்டப் பகுதிகளில் அதைக் கவனிக்கத்தான் வேண்டும். சுன்னாகத்து நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்தபின் பலர் வடிகட்டிய போத்தல் நீருக்கு மாறினர். அந்நீரில் கல்சியம் அகற்றப்பட்டிருக்கும் என்பதை நினைவிற்கொண்டு உணவில் அதைச் சேர்க்க வேண்டும்.

கருவுற்ற தாய்மாருக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் இரும்பு, போலிக் அமிலக் குளிசைகளோடு கல்சியக் குளிசையும் திரிபோஷாவும் வழங்கப்படுகின்றன. இரும்பையும் கல்சியத்தையும் ஒரே வேளையில் விழுங்கினால் ஒன்று மற்றதைத் தடுக்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று எனப் பிரித்து எடுக்க வேண்டும். திரிபோஷாப் பொதியை வீட்டிலுள்ள எல்லோருமாகப் பகிர்ந்து உண்பது வழமை. அது வறுமையின் விளைவு, தாயின் குற்றமன்று. விற்றமின் டி குறைந்த தாய்க்குப் பிறக்கும் குழந்தை அக்குறையோடே பிறக்கிறது. தாய்ப்பாலில் அது மிகச் சிறிதளவே உண்டு. எனவே உடலை முழுதும் மறைத்து ஆடை அணியும் தாய்மாரும், முற்றமில்லாத வீட்டில் வாழும் தாய்மாரும் தம் நிலையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கூறிக் கேட்பது அவசியம். கேட்காமலே குடும்பநல உத்தியோகத்தர் விசாரிப்பது அதனிலும் நன்று.

விற்றமின் டி என்றதும் மருந்தகத்தில் தாமாகவே பெரும் அளவு ஊசிகளையும் குளிசைகளையும் வாங்குவோர் பெருகியுள்ளனர். மருத்துவ மேற்பார்வையின்றி நாளொன்றுக்கு 4000 சர்வதேச அலகைத் தாண்டலாகாது. கூடினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதாகும். புலம்பெயர்ந்து வாழும் வாசகருக்கு இன்னொரு குறிப்பு. பிரித்தானியாவில் இலையுதிர், குளிர் காலங்களில் அனைவரும் நாளுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 சர்வதேச அலகு, எடுக்குமாறு அங்குள்ள பொதுச் சுகாதாரத் துறை 2016இல் அறிவித்தது. கருந்தோலினரும் உடலை மறைத்து ஆடை அணிவோரும் ஆண்டு முழுவதும் எடுப்பது பற்றி எண்ண வேண்டும் என்றும் அது கூறியது. இலண்டனில் வாழும் தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் அந்த அறிவித்தலில் ஒரே வரியில் அடங்குகின்றனர்.

எலும்பு அடர்த்தியை அளக்கும் கருவியை எல்லோருக்கும் பயன்படுத்த முடியாது. அது தேவையுமில்லை. இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட பிராக்ஸ் என்னும் கணிப்பு முறை, வயது, நிறை, உயரம், முன்பு எலும்பு முறிந்ததா, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, ஸ்ரீரோயிட் மருந்து எடுத்ததுண்டா என்பன போன்ற சில கேள்விகளாலேயே அடுத்த பத்தாண்டின் முறிவு ஆபத்தைக் கணிக்கிறது. இலங்கைக்கெனத் தனியான கணிப்பும் அதில் உண்டு. 35 வயதைக் கடந்த பெண்களுக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் கிளினிக்குகளில் இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கும்போதே இக்கேள்விகளையும் கேட்டுவிடலாம். மேலதிகச் செலவு ஒரு தாளும் பத்து நிமிடமும். ஸ்ரீரோயிட் பற்றிய கேள்வி இங்கு மிக முக்கியம். மூட்டு நோவுக்கும் தொய்வுக்கும் பெயர் தெரியாத குளிசையை மாதக் கணக்கில் வாங்கி விழுங்குவோருள் பெண்களே அதிகம். அது எலும்பை அரிப்பதில் மாதவிடாய் நிற்பதையும் விஞ்சும்.

யாரைத் தேடிச் செல்வது என்று கேட்டால், முதலில் மணிக்கட்டு முறிந்தவளைத் தேட வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய பெண் நின்ற நிலையில் விழுந்து கையை முறித்தால், பத்துப் போட்டு அனுப்பிவிடுவதோடு சிகிச்சை முடிந்ததாகக் கருதப்படுவது உலகெங்கும் உள்ள குறை. ஒருமுறை முறிந்தவளுக்கு மறுமுறை முறியும் ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு. அவளுக்கு எலும்பைக் கரையவிடாமல் தடுக்கும் மருந்துகள் உள்ளன. அவற்றுள் அலென்ட்ரோனேற் எனப்படுவது வாரத்துக்கு ஒரு குளிசையாக எடுக்கக் கூடியது. விலையிலும் ஏனையவற்றை விட மலிவானது. அதை வெறுவயிற்றில் ஒரு முழுக் குவளை நீரோடு விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் உண்ணாமல், படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக் குழாயில் புண் உண்டாகும். ரமழான் மாதத்தில் இதற்காக நோன்பை விட வேண்டிய தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள் ஸஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்னதாக எழுந்து குளிசையை விழுங்கிவிட்டு, பின்னர் உணவோடு தயிரும் சேர்த்துக்கொள்ளலாம். கந்தசஷ்டி விரதம் இருப்போரும் மருந்தை நிறுத்தாமல், எந்த நேரத்தில் எடுப்பது என்பதை விரதம் தொடங்குமுன் தம் மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளலாம்.